பின்கதவுக்குப் போட்ட இரண்டாம் தகடு

என் பெயரும் தகப்பனார் பெயரும் மேலே எழுதிக்கொண்டபடி சரி. வயது நாற்பத்தொன்று. பஸ் டிப்போவுக்குப் பின்னால் உள்ள தெருவில் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன்; பின்கதவு சந்தில் திறக்கும். முன்னறையில் ஸ்கூட்டர் மட்கார்டு, தகர அலமாரி, தொட்டி மூடி முதலியவற்றுக்கு வெல்டிங் வைத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். தெருவில் என்னைத் தகரக்கா என்று கூப்பிடுவார்கள். புகார் கொடுத்திருப்பவர் என் தங்கையின் கணவர், லாரி ஓட்டுபவர். யாரும் மிரட்டி இந்த வாக்குமூலத்தை வாங்கவில்லை. மிரட்டினாலும் இதையேதான் சொல்வேன் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

என் தங்கை போன மாதம் ஒரே ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு இடது காது கேட்காது. கல்யாணத்தன்று நன்றாகக் கேட்டது. அதன் பிறகு அவள் கணவர் வந்து அழைத்தார், இவள் போகவில்லை. அதன் பிறகு நேற்று முன்தினம் அவர் சந்து வழியாக வந்து எங்கள் பின்கதவை உதைத்ததில் தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் கூடியதும் போய்விட்டார். போகும்போது, "நாளைக்கு வந்து கதவோட சேத்து இழுத்துட்டுப் போறேன்" என்று சொன்னதைச் சந்தில் எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் கேட்டார். அன்று மாலை நான் இதே காவல் நிலையத்துக்கு வந்தேன். குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இதையும் விடாமல் எழுத வேண்டும்.

அதன் பிறகு நேற்று மதியம் நான் கதவு வேலையில் இறங்கினேன். அது இரும்புச் சட்டத்தின் உட்பக்கம் அடித்த மெல்லிய தகடு. அதில் நேராக வெல்டிங் வைத்தால் உருகி ஓட்டை விழும். ஆகவே சற்றுக் கனமான புதுத் தகடு ஒன்றை வெட்டி, அதில் வரிசையாகத் துளை போட்டு, வீட்டுக்குள்ளிருந்து கதவின் மேல் வைத்து, துளை வழியாகப் பழைய தகட்டில் பற்றவைத்துத் துளையை நிரப்பி மூடுவது என்று முடிவு செய்தேன். புதுத் தகட்டை நிலைச்சட்டத்தையும் சேர்த்து மூடும்படி அகலமாக வெட்டினேன். அப்படி வெட்டினால் அந்தக் கதவு இனித் திறக்காது. தெரிந்துதான் வெட்டினேன். என் மெஷின் வீட்டு பிளக்கில் ஓடுகிற சின்ன மெஷின், அதைப் போட்டால் மின்விசிறி சோர்ந்துபோகும், ஆனாலும் இந்த வேலைக்குத் தாராளம்.

ஓரங்களைக் கிளாம்ப் பிடித்து முடித்தேன். நடுவில் கிளாம்ப் எட்டாது. பழைய தகடு வேறு வெளிப்பக்கமாக உப்பியிருந்தது. இரண்டு தகடும் ஒட்டி நிற்காவிட்டால் வெல்டிங் மேல் தகட்டிலேயே பொத்தான் மாதிரி உட்கார்ந்துகொள்ளும், தட்டினால் கையோடு வந்துவிடும். ஆகவே தங்கையைப் பலகை வைத்து அழுத்தச் சொன்னேன். அவள் உடம்பில் என்ன பலம் மிச்சமிருக்கிறது? தகடு வளைந்து கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் அவள் கணவர் சந்துப் பக்கம் வந்துவிட்டார். முன்கதவை ஏற்கெனவே உள்ளே தாழ் போட்டிருந்தேன். "அண்ணி, கதவத் தெற. அவள வெளிய அனுப்பு" என்றார். "மாப்பிள்ள, இது இனிமே தெறக்காது, போயி பொழப்பப் பாருங்க" என்றேன். அதன் பிறகு அவர் கதவைத் தள்ள ஆரம்பித்தார். தள்ளியதில் உப்பல் அமுங்கி, பழைய தகடு புதுத் தகட்டோடு வந்து ஒட்டியது. துளைக்குள் பார்த்தேன், இம்மி இடைவெளி இல்லை. "தகடு சுடும், கைய எடுங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். "என்ன, பூச்சாண்டி காட்டுறியா?" என்று இன்னும் ஓங்கித் தள்ளினார். அதன் பிறகு நான் தங்கையின் வலது காதருகே போய், "கண்ண மூடிக்கோ" என்று சொல்லி, முகமூடியை இறக்கிக்கொண்டு நடுத் துளையை நிரப்பினேன். இரண்டாவது தடவை எச்சரிக்கவில்லை.

வெளியே அலறல் கேட்டது. அதற்குள் துளை நிரம்பிவிட்டது. தங்கை தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். இஸ்திரிக்காரர்தான் அவருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

நான் சந்துக்கு வந்து பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு வைத்ததாகப் புகாரில் சொல்லியிருப்பது வடிகட்டின பொய். காயம் உள்ளங்கை நடுவில், வட்டமாக, என் துளையின் அளவில் இருக்கிறது. சூடு வைக்க வருபவளிடம் யாராவது உள்ளங்கையை விரித்து நீட்டுவார்களா? கதவின் வெளிப்புறம் அதே இடத்தில் நீலம் பாய்ந்த வட்டம் இருக்கிறது. அவர் பிடித்துக் கொடுத்த அந்த ஓர் இடத்தில்தான் வெல்டிங் நகை மாதிரி விழுந்திருக்கிறது. சுத்தியலால் அடித்துப் பார்க்கலாம். ஸ்டியரிங் பிடிக்கிற கை போயிற்று என்று அழுகிறாராம். அந்தக் கை வேறு எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதையும் விசாரிக்க வேண்டும்.

"தெரியாம பட்டுருச்சுன்னு போட்டுக்கட்டுமாம்மா, உங்களுக்குத்தான் நல்லது" என்று எழுதுபவர் கேட்டார். கூடாது என்றேன். தங்கையை அனுப்பிவைத்தால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வாராம், இல்லாவிட்டால் என் மேல் வழக்கு, மெஷினும் பறிமுதல் என்று ஆய்வாளர் சொன்னார். போகிறாயா என்று தங்கையிடமே கேட்டார். அவள் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, இடது காதை அவர் பக்கம் காட்டினாள். இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? வழக்குப் போடட்டும்.

கதவைச் சான்றுப் பொருளாக அறுத்து எடுக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு முன் அதே அளவில் வேறு தகடு வந்தாக வேண்டும். வெல்டிங்கை நானே வைத்துக்கொள்வேன். நடுவில் அழுத்திப் பிடிக்க மட்டும் இந்த நிலையத்திலிருந்து ஓர் ஆள் வெளியே வந்து நிற்க வேண்டும்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை. ஒரு சொல்லையும் மாற்றச் சம்மதமில்லை.

(கையொப்பம்)