நாயைக் கேட்டீர்களா?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய அப்திராஷ் அண்ணன் அவர்களே! அல்மாத்தி நகரத் தொழில்முனைவோர் சங்கத்தின் மூத்தவர்களே! என்னைவிட வயதில் பெரியவர்கள் இந்த அவையில் நான்கு பேர்தான். அந்த நால்வருக்கும் என் தனி வணக்கம். வேலையையும் வீட்டையும் ஒருசேர இழுத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! வாசலில் அறுநூறு கோட்டுகளை வாங்கி மாட்டிவிட்டு, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தங்கைகளே! மேடையில் என் வலப்பக்கம், சட்டைப்பையில் பேனாவோடு காத்திருக்கும் எர்கனாத் தம்பி அவர்களே! அனைவருக்கும் இந்தக் குல்பாஷின் வணக்கம்.

சற்றுமுன் என் தோளில் இந்த ஷபானைப் போர்த்தினீர்கள். பொன்னிழை ஓடும் நீல வெல்வெட் அங்கி. அழகாக இருக்கிறது, நன்றி. ஆனால் நான் இன்னும் கைகளை நுழைக்கவில்லை. தோளில் தொங்குகிறது, அவ்வளவுதான். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தப் பூச்சாடிக்குப் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது. காணாமல் போன நாய்களைத் தேடித்தரும் என் நிறுவனத்தை எர்கனாத் தம்பியின் பெரிய நிறுவனத்துக்கு விற்கும் ஒப்பந்தம். நான் பேசி முடித்ததும் கையெழுத்து, பிறகு கைதட்டல், பிறகு பெஷ்பர்மாக் விருந்து. நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தின் ஒன்பதாம் பிரிவைப் படித்தவர்கள் இந்த அவையில் இரண்டே பேர். மீதிப் பேருக்கும் அது தெரியவேண்டும் என்றுதான் எழுந்து நிற்கிறேன்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவள் அல்ல. தொலைபேசி நிலையத்தில் பதினான்கு ஆண்டுகள் இணைப்புக் கொடுத்தவள். பெயரைச் சொல்லவேண்டாம், எண்ணைச் சொல்லவேண்டாம். ஒரு இருமலை வைத்து இன்னார் என்று சொல்லிவிடுவேன். இயந்திரம் வந்தது, எங்களை வீட்டுக்கு அனுப்பியது. அழுதேனா? இல்லை. அந்த இயந்திரத்தின் கையேட்டை வாங்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். சந்தையில் தொலைபேசி பழுது பார்க்கும் கடை போட்டேன். பிறகு இணைய நிலையம். பிறகு மலைமேய்ப்பர்களுக்குப் பனிப்புயல் வருமுன் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம். பிறகு நாய் விடுதி. அது நான்காவது.

நாய் விடுதி என்றதும் இந்தச் சங்கம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. உதவி கேட்டு இதே மண்டபத்துக்கு வந்தேன். அன்றைய தலைவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அக்கா, நம்ம ஜனங்க நாயை வீட்டு வாசப்படிகூட ஏற விடமாட்டாங்க. நீங்க அதுக்குக் கட்டில் போடுறீங்களா?"

நான் சொன்னேன்: "கட்டில் போடலைங்க. உங்க மாடி வீட்டுல வாசப்படியும் இல்ல, முற்றமும் இல்ல. நாய் எங்கதான் போகும்?"

சிரிக்கிறீர்கள். அன்று என் பதிலுக்கு யாரும் சிரிக்கவில்லை. பின்வாசல் வழியாக அனுப்பி வைத்தீர்கள். ஒருமுறை அல்ல, ஐந்து முறை. ஐந்தும் எனக்குத் தேதியோடு நினைவிருக்கிறது. மறக்கச் சொல்லாதீர்கள், மறக்கும் வழக்கம் எனக்கில்லை.

ஐந்தாவதுதான் இந்த நிறுவனம். நாய் தொலைந்தால் படத்தைப் போடு. கண்டவர் செய்தி அனுப்பட்டும். எளிய யோசனை. அதில் ஒரு தவறு செய்தேன். வெளிநாட்டுக்காரன் செய்யமாட்டான்; நம்மில் ஒருத்திதான் செய்வாள். நற்செய்தி கொண்டுவருபவர் "சுயின்ஷி!" என்று கூவவேண்டும், கேட்டவர் கையிலிருப்பதைப் பரிசாகக் கொடுக்கவேண்டும், அல்லவா? அப்படித்தானே வளர்ந்தோம்? அந்த வழக்கத்தையே ஒரு பொத்தானாக்கி வைத்துவிட்டேன். நாயைக் கண்டவுடன் அழுத்தினால், உரிமையாளரின் தொலைபேசி "சுயின்ஷி! சுயின்ஷி!" என்று கூவும்.

என்ன ஆயிற்று? முதலில் கூவவேண்டும் என்ற அவசரத்தில், நான்கு காலில் எது போனாலும் அழுத்தினார்கள்! நம் நாட்டில் மார்பு வெள்ளையாக இருக்கும் நாய்க்கெல்லாம் அக்தோஸ் என்றுதானே பெயர்? என் பட்டியலில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு அக்தோஸ்!

தல்காரில் ஒராஸ்காலி என்ற குதிரைக்காரர். "சுயின்ஷி!" கேட்டதும், செய்தி கொண்டுவந்தவனுக்குத் தன் நரித்தோல் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். ஆடு அறுத்தார். அக்கம்பக்கத்தை அழைத்தார். என்னையும் அழைத்தார், போனேன். விருந்து நடுவில் நாய் உட்கார்ந்திருக்கிறது. ஒராஸ்காலி முற்றத்துக்குப் போய், "கூஷிம், கூஷிம்! வாடா செல்லம்!" என்று குட்டியைக் கொஞ்சுவதுபோலக் கூப்பிடுகிறார். நாய் திரும்பவே இல்லை. எலும்பைக் கடித்துக்கொண்டே இருந்தது.

அவர் மனைவி சொன்னாள்: "ஏங்க, இது நம்ம நாய் இல்ல. நம்ம நாய்க்கு இவ்வளவு மரியாதை தெரியாது."

மண்டபமே சிரிக்கிறது! அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஒராஸ்காலி என்னைப் பார்த்தார். "குல்பாஷ் அக்கா, படத்தைக் கேட்டீங்க, பேரைக் கேட்டீங்க, ஊரைக் கேட்டீங்க. நாயைக் கேட்டீங்களா?"

நாயைக் கேட்டீர்களா! பதினான்கு ஆண்டுகள் குரலை வைத்து மனிதரை அறிந்தவளுக்கு இது தோன்றவில்லையே! தன் மனிதரின் குரல் நாய்க்குத் தெரியாதா? அன்றே பொத்தானை எடுத்துவிட்டேன். நாய் தொலைந்தவர் முதலில் தன் குரலைப் பதியவேண்டும். வீட்டில் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படி. கண்டவர் அந்தக் குரலை நாயிடம் போட்டுக் காட்டவேண்டும். காது நிமிர்ந்தால்தான் சுயின்ஷி! இன்று என்னிடம் முப்பத்தோராயிரம் குரல்கள் இருக்கின்றன. கொஞ்சும் குரல், மிரட்டும் குரல், கெஞ்சும் குரல், சீட்டியடிக்கும் குரல்.

ஒன்பதாம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? அந்த முப்பத்தோராயிரத்தையும் அழிக்கவேண்டும். படத்தை வைத்தே நாயை அடையாளம் காணும் நிரல் அவர்களிடம் இருக்கிறதாம். குரல் வீண் சுமையாம்.

மூன்றாம் வரிசையில் உல்மேகென் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திருக்கவேண்டாம் தங்கச்சி, நானே சொல்கிறேன். இவள் கணவர் ஜாப்பார், கஸ்கெலேன் ஊர் லாரி ஓட்டுநர். ஷூ என்ற ஊரின் ரயில் நிலையத்தருகே முலாம்பழம் ஏற்றும்போது அவருடைய நாய் குத்ஜோல் தொலைந்தது. குரலைப் பதிந்தார். ஒரு பருவம் முழுக்கத் தேடினார். அந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஷூவிலிருந்து ஒரு தண்டவாளத் தொழிலாளி அழைத்தான். "அக்கா, ஒரு நாய் நிக்குது. காது கிழிஞ்சிருக்கு, மூஞ்சி நரைச்சிருக்கு. படத்துல தேடினா இல்லவே இல்லைங்குது. ஆனா இந்த ஊர்ல தொலைஞ்சதுன்னு பழைய குரல் ஒண்ணு கிடக்கே, போடவா?"

உல்மேகெனையும் இணைப்பில் சேர்த்தேன்; என் பழைய வேலை அதுதானே. "போடு" என்றேன்.

ஜாப்பாரின் குரல் வந்தது: "அடேய் சோம்பேறி! எங்கடா தொலைஞ்ச? வாடா இங்க!"

பிறகு அந்தப் பையன் கத்துகிறான்: "அக்கா! வயித்தைத் தரையில தேய்ச்சுக்கிட்டு வருது! என் போனையே நக்குது அக்கா! சுயின்ஷி!"

உல்மேகென் சொன்னாள்: "என்னையும் அவரு இப்படித்தான் கூப்பிடுவாரு. நான்தான் இவ்வளவு வேகமா ஒருநாளும் வந்ததில்ல."

யாரது, பின்வரிசையில்? குரலைப் போட்டுக் காட்டச் சொல்கிறீர்களா? மாட்டேன். அது ஜாப்பாரின் குரல். குத்ஜோலுக்கும் உல்மேகெனுக்கும் சொந்தம். மேடை வேடிக்கைக்கு அல்ல. உங்களுக்கு என் வார்த்தை போதும்.

எர்கனாத் தம்பி, உங்களிடம் நாய் உண்டா?

"இருக்கு அக்கா. வீட்டுல ஒண்ணு இருக்கு."

அதை எப்படிக் கூப்பிடுவீர்கள்? ஒலிவாங்கி இதோ. கூச்சப்படாதீர்கள்.

"எல்லார் முன்னாடியும் வேணாம் அக்கா..."

பார்த்தீர்களா! ஐம்பது நகரங்களில் கிளை வைத்திருப்பவர் முகம் சிவக்கிறார். ஏன்? அந்தக் குரல் ஊருக்கான குரல் அல்ல. அதைக் கேட்க உலகத்தில் ஒரே ஒரு உயிர்தான் உண்டு. அப்படிப்பட்ட முப்பத்தோராயிரம் பேர், வெட்கத்தை விட்டு, என்னை நம்பிக் கொடுத்த குரலையா நான் அழிப்பேன்? படம் தோற்ற இடத்தில் வென்ற குரலையா? இறந்தவரின் நாயை வீடு சேர்த்த குரலையா? அழிக்கலாம் என்று முடிவு செய்தீர்களே, நாயைக் கேட்டீர்களா?

நான் கையெழுத்திட மாட்டேன். ஒன்பதாம் பிரிவை அடித்துவிட்டு வாருங்கள், தேநீரும் பவுர்சாக் பணியாரமும் வைத்துப் பேசலாம். அடிக்காவிட்டால் வரவேண்டாம்.

அண்ணன் அப்திராஷ் அவர்களே! ஓய்வு கொடுத்து அனுப்பி வைப்பவர்களுக்கு ஷபானைத் தோளில் போர்த்துவீர்கள். அவர்கள் மடித்துப் பெட்டியில் வைப்பார்கள். இதோ, வலக்கை நுழைகிறது. இதோ, இடக்கை. பொத்தானும் போட்டாயிற்று. நாளைக் காலை எட்டு மணிக்கு இதைப் போட்டுக்கொண்டுதான் அலுவலகம் போவேன். வெளியே குளிர் அதிகம்.

இன்னொன்று. கோட்டு வாங்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தடுப்பறை அமைத்திருக்கிறேன். உள்ளே ஒரு ஒலிவாங்கி. யாரும் பார்க்கமாட்டார்கள். நாய் வளர்ப்பவர் ஒவ்வொருவரும் உள்ளே போய், வீட்டில் கூப்பிடுகிறபடி ஒருமுறை கூப்பிட்டுவிட்டுப் போங்கள். எர்கனாத் தம்பிக்கு வரிசையில் முதலிடம்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. கதவோரத்துத் தங்கைகளே, உங்களுக்கு இரட்டை நன்றி. கால் வலிக்கும், உட்காருங்கள். உங்கள் வீட்டு உயிர்கள் அனைத்தும், இரண்டு காலோ நான்கு காலோ, கூப்பிட்ட குரலுக்கு வந்து சேரட்டும்! வணக்கம்.