பச்சைத் தூண்

செந்தில்வேல்: ...ஒடைச்சே ஆகோணும் கோமளா. மூணு தூணையும்.

கோமளா: காப்பியக் குடிச்சுட்டு ஒடைங்க. ஆறுது.

செந்தில்வேல்: வெளையாடாத புள்ள. நம்ம புது ஊட்டுத் தூணு... காங்கிரீட் ஊத்துன பலகையப் பிரிச்சா பச்சைப்பசேல்னு இருக்குது. மேஸ்திரி ராசப்பன் சாயத்தண்ணியில காங்கிரீட் கலக்கிட்டான்.

கோமளா: சாயத்தண்ணிக்கு அவரு எங்கீங்க போவாரு?

செந்தில்வேல்: அது... எங்கியோ. டையிங் பட்டறை ஓட்டற எனக்குச் சாய ஷேடு தெரியாதா? இந்தத் தூணை நம்பி பிள்ளைகளை எப்படி உள்ள படுக்க வெக்கறது?

கோமளா: நானும் பயந்துதானுங்க சிமெண்ட் கடைக்கு போன் போட்டேன். இது இரும்புக் கசடு சேர்த்த சிமெண்டாமுங்க. பலகைக்குள்ள மூடியிருந்தா பச்சையாத் தெரியுமாமா. காத்துப் பட்டா போயிருமாமா.

செந்தில்வேல்: என்ன கசடு?

கோமளா: இரும்பு உருக்கறப்ப மேல மெதக்கறது. அதுல தண்ணியப் பாய்ச்சி மணலாட்டம் ஆக்கி, அரைச்சுச் சேக்கறாங்களாமா.

செந்தில்வேல்: இரும்பாலைக் குப்பையிலயா நமக்கு ஊடு?

கோமளா: உங்க மச்சான் பனியன் கம்பெனி வேஸ்ட்துணியக் குப்பையிலயா கொட்டறாரு? அது திரும்ப நூலாகறதில்லையா? கசடு சேர்ந்தா நாளாக நாளாகக் கெட்டிப்படுமாமுங்க.

செந்தில்வேல்: விக்கறவன் அப்படித்தான் சொல்லுவான்.

கோமளா: இந்தாங்க, வெள்ளைத்துணி. நனைச்சுத் தேய்ச்சுப் பாருங்க, உங்க டையிங்ல பாக்கற மாதிரியே. சாயம்னா ஒட்டோணுமில்ல?

செந்தில்வேல்: ...ஒட்டலை.

கோமளா: முந்தாநேத்து பலகை பிரிச்ச வாசல் தூணையும் பாருங்க. அன்னைக்குப் பச்சை. இன்னைக்கு?

செந்தில்வேல்: சாம்பலாத்தான் இருக்குது... இருந்தாலும் மனசு கேக்கல புள்ள. அவன் எந்தத் தண்ணிய ஊத்துனானோ...

கோமளா: வேலை ஆரம்பிக்கறப்ப, நம்ம கெணத்துத் தண்ணிய எடுக்கச் சொன்னது நீங்கதானுங்க? சந்தேகம்னா ஒரு குடம் மொண்டு பாத்துரலாம், வாங்க.

செந்தில்வேல்: வேண்டாம்... வேண்டாம். அதெல்லாம் எதுக்கு?

கோமளா: ஏனுங்க, இப்படி வேர்க்குது?

செந்தில்வேல்: வெயிலு.

கோமளா: நெழல்லதான நிக்கறீங்க?

செந்தில்வேல்: ...கோமளா, நான் ஒண்ணு சொல்லோணும்.

கோமளா: சொல்ல வேண்டாமுங்க. டையிங் கழிவுத்தண்ணிய நீங்க நம்ம கெணத்துல எறக்குனது, எறக்குன அன்னைக்கே எனக்குத் தெரியும். அதனாலதான் தூணுக்கெல்லாம் லாரித் தண்ணிய ஊத்தச் சொன்னேன், பிள்ளைக குடிக்கறதும் அதுதான்... தூணு நிக்குமுங்க. கெணத்தை என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லுங்க.