ஒட்டுமில்லை உறவுமில்லை

சாணார்பட்டி பஸ்ஸில், காலிப் பூக்கூடையை மடியில் வைத்திருந்த பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது முன் சீட்டில் எனக்குக் கேட்டது.

“எம்மகனுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்லன்னு நானே சொல்லிட்டேன், மாப்ள.”

“யாருகிட்ட மாமா?”

“ஜெயில் விஷயமா வீட்டுக்கு வந்த ஆபீசர்கிட்ட. பேண்ட்டப் பாத்ததும் போலீஸுன்னு நெனச்சுட்டேன். கேஸ் நடந்தப்ப சொல்லிச் சொல்லிப் பழகுன வார்த்தை, தானா வந்துருச்சு.”

“அவரு எதுக்கு வந்தாராம்?”

“நன்னடத்தைக்காக முன்னாடியே விடுறாகளாம். வீட்டுல சேத்துக்குவாகளான்னு கேட்டு எழுதி, கைநாட்டு வாங்கணுமாம்.”

“திரும்பப் போயி சேத்துக்கிறோம்னு சொல்லுங்க.”

“பூவ மார்க்கெட்டுல போட்டுட்டு அவரு ஆபீசுக்குத்தான் போயிட்டு வாரேன். விடுதலை இல்லைன்னு உத்தரவாயிருச்சாம்.”

“மகனுக்குத் தெரியுமா மாமா?”

“நான் கைநாட்டு வச்ச தாள அவனுக்கு வாசிச்சும் காட்டிட்டாகளாம்.”