தாயின் செல்லும் சேயின் செல்லும்

கண்ணுக்குத் தெரியாத கருவைக் கருத்தோடு காத்தவரே! குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணி, எண்ணியதையே மறுபடி எண்ணியவரே! பணி நிறைவு பெறும் எங்கள் ஆய்வகத்தின் மூத்தவரே, வணக்கம்!

நாங்கள் உங்களுக்கு வைத்த பட்டப்பெயர் ‘இன்னொரு தடவை’. வீட்டுக்குக் கிளம்பப் பையைத் தோளில் மாட்டும்போதுதான் அதைச் சொல்வீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவோம்.

உங்கள் பெருமைகளை அடுக்கப் பொழுது போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

இரு முறை கருவை இழந்த ஒரு பெண். அவள் உடலில் இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருந்தன. அவளுக்கு அதனால் கேடில்லை. குழந்தைக்கு ஒரு துண்டு கூடினாலோ குறைந்தாலோ கரு தங்குவதே அரிது. மறுபடி கருவுற்றபோது, குழந்தையின் செல்கள் மிதக்கும் அவளது பனிக்குட நீர் சோதனைக்கு நம்மிடம் வந்தது. வளர்த்த செல்களில் தாயைப் போலவே இடமாற்றம், கூடுதலில்லை, குறைவில்லை. ஆய்வகமே மகிழ்ந்தது. நீங்கள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

“அச்சு அசலா அம்மா மாதிரியே இருக்கு. அம்மாவோடதாவே இருந்துட்டா?” என்றீர்கள்.

நீரில் இரத்தம் கலந்திருந்தது. ஊசியில் முதலில் வரும், தாயின் செல்கள் கலந்திருக்கக்கூடிய துளிகளைத் தனியே ஒதுக்காமல், எல்லாவற்றையும் ஒரே குழாயில் பிடித்திருந்தார்கள்.

“நல்ல ரிசல்ட்டுல போய் நொட்டை சொல்றீங்களேம்மா!” என்று கொதித்தார் தலைமை மருத்துவர்.

“கெட்டதா வந்திருந்தா நீங்களே திரும்பப் பாக்கச் சொல்லியிருப்பீங்க, சார்.”

வளர்ந்த செல்களின் மரபணுவைத் தாயின் இரத்தத்தோடு ஒப்பிட்டோம். வளர்ந்தவை தாயின் செல்களே! குழந்தையைப் பற்றி நமக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

அதைச் சொல்ல நீங்களே வார்டுக்குப் போனீர்கள்.

“மறுபடியும் ஊசியா அக்கா? எல்லாம் சரின்னே எழுதிக் குடுத்துடுங்களேன்” என்று அழுதாள் அவள்.

“எனக்கும் ஆசைதான்டா. ஆனா அது உன் குழந்தையோட சேதியா இருக்கணும்.”

அவளாகத் தலையசைக்கும்வரை அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தீர்கள்.

இரண்டாம் முறை எடுத்த நீரில் வளர்ந்த செல்களில் ஒவ்வொரு துண்டும் அதனதன் இடத்தில் இருந்தது. தாயின் இடமாற்றம்கூட அவற்றில் இல்லை. முடிவைக் கேட்க வந்தவளுக்குச் சிரிக்கவும் பயம்.

“இத நம்பலாமா அக்கா?”

“நம்பு. இது உன்னோடது இல்ல, உன் குழந்தையோடது.”

நாளையும் நம்மை அவசரப்படுத்துவார்கள். நல்ல முடிவென்றால் இன்னும் அவசரப்படுத்துவார்கள். யாருடைய செல் என்று தெளியாமல் இங்கிருந்து ஒரு முடிவும் வெளியே போகாது. இது உங்கள் முன் நாங்கள் எடுக்கும் உறுதி!

கண்ணொளி குன்றாமல், கைந்நடுக்கம் காணாமல், நலமும் நிறைவும் சூழ நெடுநாள் வாழ்க!

உங்கள் பிடிவாதத்தைப் பெற்றுக்கொண்ட
ஆய்வகத் தோழர்கள்