அசையக் கூடாத கால்

திண்டுக்கல்லில் மருத்துவமனை ஒன்றின் எலும்பு முறிவுப் பெண்கள் பிரிவில் உள்நோயாளியாக இருக்கும் அறிவுச்செல்வி, வயது 34, கணவர் பெயர் காத்தமுத்து, திண்டுக்கல் நகர், மூட்டைக்காரச் சந்து என்ற விலாசத்தில் குடியிருப்பவர், மகளிர் காவல் நிலையச் சார்பு ஆய்வாளர் விசாரித்தபோது சுயநினைவோடு சொன்னது:

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடனும் மாமியார் பேச்சாயியுடனும் இருந்து வருகிறேன். எனக்குப் பிறந்த ஊர் பழனி பக்கம் பாலசமுத்திரம். தாய் தகப்பன் இல்லை, தம்பி ஆண்டிச்சாமி மட்டும் அங்கே இருக்கிறான். எங்களுக்குக் குழந்தை இல்லை. என் கணவர் குஜிலியம்பாறை பக்கம் காட்டுக்காரர்களிடம் சின்ன வெங்காயம் வாங்கி, வீட்டு முன்பக்கக் கொட்டகையில் மூட்டை தைத்து வெளியூருக்கு அனுப்பும் வியாபாரம் செய்கிறார். நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். சீக்கு வரும் வரையில் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே வேலையாட்களுக்கு நாற்காலி கிடையாது, கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை நின்றபடியே இருக்க வேண்டும். அப்போது கால் வலிக்கிறது என்று அலுத்துக்கொண்டதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

கொரோனா இரண்டாம் அலை முடிந்த சமயம், தடுப்பூசி போட்டவர்கள் மட்டும் வேலைக்கு வந்தால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டதால் நானும் போய்ப் போட்டுக்கொண்டேன். அதற்கு முந்தின வாரம் குலசாமி கோயில் கிடாவெட்டில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கில் கிடந்து எழுந்திருந்தேன். ஊசி போட்டுச் சில நாட்கள் கழித்துப் பாதம் மரத்தது, அதன் பின் முழங்கால், அதன் பின் கை, கடைசியில் எச்சில் விழுங்கவும் முடியாமல் போய் மதுரையில் சேர்த்தார்கள். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நம் நரம்பைத் தாக்கும் நோய் இது என்று பெரிய டாக்டர் சொன்னார். இது ஊசிக்குப் பின்னும் அபூர்வமாக வரும், வயிற்றுப்போக்குக்குப் பின்னும் வரும், இந்த ஒருத்திக்கு எதனால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலானவர்கள் எழுந்து நடந்துவிடுவார்கள் என்றார். என் கணவர் இத்தனையில் ஊசி என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

அதன் பின் வழக்கறிஞர் சிவபிரகாஷ் மூலமாக, தடுப்பூசியால் முடமாகிவிட்டேன் என்றும் நஷ்ட ஈடு வேண்டும் என்றும் என் பெயரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். ஊசிக்கு முன்பு வேறு ஏதாவது உடம்புக்கு வந்ததா என்று வழக்கறிஞர் கேட்டதற்கு, நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், தலைவலி என்றுகூட இவள் படுத்ததில்லை என்று சொல்லிவிட்டார். கை வராததால் மனுவில் என் பெருவிரல் ரேகையை எடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே கை வரவில்லை என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்த பின் ஜெயமேரி அக்கா என்ற பயிற்சியாளர் தினமும் வந்து கை கால்களை நீட்டி மடக்கி விட்டார். முதலில் கை வந்தது. அதன் பின் ஒருநாள் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றேன். ஜெயமேரி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்ச நாள்தான். பஸ் ஏறி நீயே எங்க வீட்டுக்கு வந்துருவ பாரு” என்றார். என் கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சந்தோஷத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தேன். மறுநாளிலிருந்து அந்த அக்கா வரவில்லை. வர வேண்டாம் என்று என் கணவர் சொல்லிவிட்டது பின்னால்தான் தெரிந்தது. இது நிரந்தர ஊனமா, சரியாகிவிடக் கூடியதா என்பதுதான் வழக்கில் முக்கியம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தாராம். அவர் சட்டத்தைச் சொன்னார், இவர் அதிலிருந்து ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டார்.

அதன் பின் நான் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று ஆனது. போனை வாங்கிக்கொண்டார்கள். கணவரும் மாமியாரும் வெளியே போகும்போது அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்த நேரத்தில் நான் சுவரைப் பிடித்து நடந்து பழகினேன். என் மாமியார் சுவரில் கைத்தடம் பார்த்துக் கண்டுபிடித்து, கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டார். என்னைப் பார்க்க வந்த தம்பியிடம் அழுது சொன்னேன். அவன் வெளியே போய் என் கணவரிடம் பேசிவிட்டு வந்து, “கேஸ் முடியற வரைக்கும் பொறுத்துக்கோக்கா. அப்புறம் நீ எவ்வளவு வேணும்னாலும் நடந்துக்கலாம்” என்றான். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று சார்பு ஆய்வாளர் கேட்கிறார்கள். சொன்னேன், இதுதான் பதில்.

அதன் பின் நீதிமன்றம், மருத்துவக் குழு என்னை நேரில் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. காலில் ஊசியால் குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என யாரோ என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று முதல் மூட்டை தைக்கும் கோணி ஊசியைக் கொண்டுவந்து என் உள்ளங்காலில் குத்திப் பழக்கினார். என் மாமியார் தலைமாட்டில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கால் இழுத்தால் மறுபடியும் குத்து. கால் இழுக்காமல் முகம் சுளித்தால், “மூஞ்சி கோணுதுடா” என்று மகனுக்குச் சொல்வார், அதற்கும் மறுபடி குத்து. இரண்டுமே அசையாத அன்றைக்கு எனக்குச் சோற்றோடு தொட்டுக்கொள்ள வெஞ்சனம் உண்டு. இது வெங்காய வேலை முடிந்து கை கழுவுவதற்கு முன் நடக்கும் என்பதால் புண்ணில் தனியாக எரியும். இந்தப் பாவிகளை நான் மன்னிக்க மாட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

பரிசோதனை அன்று என்னைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் கிடத்தினார்கள். ஒரு பெண் டாக்டர் பாதத்தில் சின்ன ஊசியால் குத்தினார். கோணி ஊசி வாங்கிய காலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான் அசையவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. அவர் என் உள்ளங்காலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது என்ன தழும்பு என்று கேட்டார். எறும்பு கடித்தது என்று என் கணவர் கதவோரம் நின்று சொன்னார். அதன் பின் காலில் வயரை ஒட்டி ஒரு இயந்திரத்தைப் போட்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டதைப் பார்த்து அந்த டாக்டர், “நீங்க எதுவும் பண்ண வேணாம்மா. இது உங்களக் கேக்காது, நரம்பத்தான் கேக்கும்” என்றார். மின்சாரம் வந்ததும் என் பாதம் தானாகத் துள்ளியது. மறு காலும் துள்ளியது. நான் துள்ள வைக்கவில்லை. நரம்பு உயிரோடு இருந்தால் அப்படித்தான் அசையும் என்று டாக்டர் என் கணவரிடமே விளக்கினார். அவர் அதை நம்பவில்லை. நான் வேண்டும் என்றே காலை உதறிக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

 திரும்பி வரும் வழியில் அவர் வண்டியை நிறுத்தி மூன்று பேருக்கும் பிரியாணி வாங்கினார். வீட்டில் எனக்கும் இலையில் வைத்துக் கொடுத்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரையில் எதிரில் உட்கார்ந்திருந்தார். அதன் பின் கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய இருபது கிலோ எடைக்கல்லை எடுத்து வந்தார். நான் கட்டிலிலிருந்து குதித்து வாசல் வரையில் ஓடினேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி நான் ஓடியது அன்றைக்குத்தான். என் மாமியார் கூந்தலைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, என் நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொண்டார். என் கணவர் கல்லை என் வலது கணுக்காலில் போட்டு, “இப்ப எந்த மிசினு ஆட்டுதுன்னு பாப்பம்” என்றார். மறுபடியும் கல்லைத் தூக்கினார். அதற்கு என் மாமியார், “ஒத்தக் கால் போதும்டா. ரெண்டுன்னா சந்தேகப்படுவாக” என்றார். என் இடது கால் தப்பியது இந்தக் கருணையால்தான்.

அதன் பின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, தடுப்பூசி போட்டதிலிருந்து காலில் உணர்ச்சியே கிடையாது, குளியலறையில் விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் உடைந்த கணுக்காலைத் தொட்டு, வலிக்கிறதா என்று கேட்டார். என் கணவர் பக்கத்தில் நின்றார். பழகிய பழக்கம், நான் முகம் சுளிக்காமல் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். டாக்டர் உணர்ச்சி இல்லை என்று நர்ஸிடம் எழுதச் சொன்னார். அதைக் கேட்டதும் என் கால் இனிமேல் காகிதத்திலும் செத்துவிடும் என்று தோன்றி, “வலிக்குது” என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நிறுத்த முடியாமல் கத்திக்கொண்டே இருந்தேன். என் கணவர் என் வாயைப் பொத்த வந்தபோது நர்ஸ் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். அதன் பின்தான் டாக்டர் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார்.

எலும்பு நொறுங்கிவிட்டதால் கணுக்கால் இனி முழுதாக மடங்காது என்றும், நாள் முழுவதும் நிற்கும் வேலைக்குப் போக முடியாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். என் தம்பி நேற்று வந்து, குடும்ப விஷயம், கேஸும் கெட்டுப்போகும், விழுந்ததாகவே இருக்கட்டும் என்றான். அவன் சொன்னதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு முதலில் நோய் எதனால் வந்தது என்பது எனக்குத் தெரியாது. வயிற்றுப்போக்கு வந்ததையும் நானே நீதிமன்றத்தில் சொல்வேன், டாக்டர்கள் ஆராய்ந்து என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். என் கணுக்கால் எதனால் போனது என்பதற்கு எந்தக் குழுவும் உட்கார வேண்டியதில்லை.

இதை எழுதியவர் எனக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. ரேகை வைக்க மைப்பெட்டி எடுத்தார்கள், வேண்டாம் என்று பேனா வாங்கிக்கொண்டேன்.

(ஒப்பம்) கா. அறிவுச்செல்வி