அண்ணன் சொன்னால் அழுத்தலாம்

டீயில் சர்க்கரை குறைவாகவே போடச் சொல்லுங்கள் ஐயா. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை, இடுப்பு பெருத்துவிட்டது.

நான் அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர்காரன். என் அறை மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களுக்குப் பக்கத்தில். யாராவது படியேறினால் என் தலைமேல் நடப்பது போலிருக்கும். பெரிய டாக்டர் ஏறினால் சுவரிலிருந்து சுண்ணாம்பே உதிரும்.

என் வேலையில் முக்கால்வாசி, போலி மெயில்களை மறித்து நிறுத்துவதுதான். 'உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் உள்ளது, பாதுகாப்பு அப்டேட்டை உடனே இறக்கவும்' என்று வரும். இறக்கினால் வைரஸ் உள்ளே புகுந்து எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிடும். எத்தனை கூட்டம் போட்டுச் சொல்லியும் அங்கே வேலை பார்ப்பவர்கள் மண்டையில் ஏறவில்லை. மனித இதயத்தைத் திறந்து மூடத் தெரிந்த பெரிய டாக்டர், பளபளவென்று ஒரு பொத்தானைக் கண்டால் மிட்டாய்க் கடை முன் நிற்கும் பிள்ளையாகிவிடுவார். எனக்கு 'வைரஸ் மாமா' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

வரவேற்பில் இருந்த பெண் ஒருத்திதான் நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டவள். எது வந்தாலும் போன் போட்டு, "அண்ணா, இதைத் திறக்கலாமா?" என்பாள். நான் சரி என்ற பிறகுதான் கை வைப்பாள்.

சென்ற மாதம் மேலாளர் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நீ வந்ததுலேருந்து ஒரு வைரஸ்கூட வரலையே?"

"ஆமா சார்," என்றேன் பெருமையாக.

"அப்ப உனக்கு இங்க என்ன வேலை?"

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்பதைத்தான் அவ்வளவு நாசூக்காகச் சொன்னார். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. இவர்களுக்கு ஒரு தடவை நேரில் காட்டிவிடலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை வந்த போலி அப்டேட் மெயிலை நான் மறிக்கவில்லை. அதற்கு முன்பே நோயாளிகளின் விவரங்கள் அத்தனைக்கும் ஒரு பிரதி எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

ஆனால் அன்றைக்குப் பார்த்து ஒருவரும் அழுத்தவில்லை. மறித்தபோதெல்லாம் சந்துபொந்து தேடி அழுத்தப் பார்த்தவர்கள், வழிவிட்ட அன்று நல்ல பிள்ளைகளாகிவிட்டார்கள். பெரிய டாக்டர் மெயில் பக்கமே வரவில்லையாம். புதுப் போன் வாங்கி அதில் மூழ்கியிருந்தார். மதியம்வரை காத்திருந்ததில் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

அப்போது வரவேற்பிலிருந்து போன்.

"அண்ணா, ஏதோ பாதுகாப்பு அப்டேட்னு வந்திருக்கு. அழுத்தலாமா?"

"அழுத்தும்மா," என்றேன்.

கொஞ்ச நேரத்தில் எல்லாத் திரைகளும் கறுத்தன. தலைக்கு மேல் ஒரே ஓட்டம். பிரதியைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் மேலாளர் தானே இறங்கி வந்து கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அது ஒன்றும் பேராசை இல்லை.

அவருக்கு முன்னால் அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"அண்ணா, ஒரு லாரி டிரைவரை மயக்கத்துல கொண்டுவந்திருக்காங்க. அவருக்கு ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காதாம். எதுன்னு அவர் மகளுக்குத் தெரியல. போன தடவை நம்மகிட்டதான் சொல்லிப் பதிஞ்சிருக்காங்க. அவரோட விவரத்தை மட்டும் எப்படியாவது எடுத்துத் தாங்கண்ணா."

இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் போச்சும்மா," என்றேன். ஒன்றைக் கொடுத்தால் மற்றவையும் இருப்பது தெரிந்துவிடும் அல்லவா?

மேலே டாக்டர் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? கடைசியில் ஓர் ஊசியைப் போட்டார். ஒத்துக்காத ஊசி அதுதான். மேலாளர் வேர்த்து விறுவிறுத்து வந்து, "எப்படியாவது காப்பாத்துப்பா" என்று என் கையைப் பிடித்தபோது அந்த டிரைவர் போய்ச் சேர்ந்திருந்தார். மேலாளர் சொன்னது கம்ப்யூட்டர்களை. காப்பாற்றினேன். மாலைக்குள் எல்லாம் பழையபடி ஓடின. என் வேலை நிலைத்தது. ஜன்னல் வைத்த அறையும் கிடைத்தது. பெரிய டாக்டர் முதல் தடவையாக என்னை 'சார்' என்றார். அந்தப் பெண்ணை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. அந்தப் போன் பேச்சைக் கேட்டவர் வேறு யாருமில்லை. அவளோ, தானாகவே அழுத்தியதாகச் சாதித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் துருவித் துருவிக் கேட்டதற்குப் பிறகு என்ன சொன்னாள் என்று நேற்று படித்துக் காட்டினீர்களே.

"அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் அழுத்தினேன் சார். அவரும் நெஜம்னு நம்பிட்டார். பாவம், மனுஷன்தானே, ஏமாந்துட்டார். அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வரிக்கு வரி எழுத்துப் பிழை, அனுப்பியவன் முகவரியோ பூனை விசைப்பலகையில் நடந்தது போல இருந்தது. அப்படிப்பட்ட மெயிலை நான் நம்பினேனாம்.

நான் ஏமாறவில்லை ஐயா. பார்த்தவுடனே போலி என்று தெரிந்துதான் அழுத்தச் சொன்னேன். அதை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.