சுமா விதி

காலையில் நான் முதலில் செய்வது சட்டையை இஸ்திரி போடுவது. பிறகு ஷூவுக்குப் பாலிஷ், ஒரு டம்ளர் காப்பி. அதற்குள் கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் என் வீட்டு வாசலுக்குக் கம்பெனி கார் வந்துவிடும். பெங்களூர் விமான நிலையம் இங்கிருந்து தூரம். விமானிகளை வீட்டிலிருந்து அழைத்துப் போவது கம்பெனியின் பொறுப்பு.

அந்தக் காரை நிறுத்த நிர்வாகம் முடிவு செய்தது. நகரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கார் கிடையாது, பதிலாக எல்லா விமானிகளின் குடும்பத்துக்கும் இலவச டிக்கெட் என்றார்கள். எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் டிக்கெட் பக்கம்.

"உனக்கு ஒருத்தனுக்காக நாங்க டிக்கெட்ட விடணுமா?" என்றார் சங்கச் செயலாளர் கேப்டன் கிரண். "கோலார்காரன்தானே, ரெண்டு கட்டி தங்கத்த வித்துக் கார் வாங்கிக்கோப்பா."

"தங்கத்த வெள்ளக்காரன் எடுத்துக்கினு போயிட்டான் கேப்டன். எங்களுக்குத் தூக்கம்தான் மிச்சம். ராத்திரி பூரா ஃபிளைட் ஓட்டிட்டு காரையும் நானே ஓட்டினா, ஒருநாள் லாரிக்கு அடியில கெடப்பேன்."

சிரித்தார்கள். ஆனால் கார் பக்கம் வந்தார்கள்.

நிர்வாகம் அடுத்து ஒன்றைச் சொன்னது. விமானிகளின் மனைவிமார் கம்பெனி காரில் கடைக்கும் கல்யாணத்துக்கும் போகிறார்களாம். கார் எங்கே நின்றாலும் ஜிபிஎஸ் காட்டிக்கொடுக்கும். நான் எழுந்து, என் மனைவி அந்தக் காரில் ஒருநாள்கூட ஏறியதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அது உண்மை. கடைசிச் சுற்றுப் பேச்சில் என் காரின் ஜிபிஎஸ் பதிவையே சான்றாகக் காட்டுவதென்று சங்கம் தீர்மானித்தது.

பேச்சுக்கு முந்தின நாள் காலை, என் மனைவி சுமா அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வயிறு இன்னாமோ பண்ணுதுங்க. நிக்க முடியல."

எழ முயன்று மயங்கி விழுந்தாள். நான் பதறவில்லை. பதறாமல் இருக்கத்தான் எங்களுக்குப் பயிற்சி. ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன், தாமதமாகும் என்றார்கள். விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் ஆட்டோ கிடைக்காது. பக்கத்து வீட்டு கங்கம்மாவைக் கூப்பிட்டு அவளருகே உட்கார வைத்தேன்.

டிரைவர் மஞ்சுநாத் உள்ளே எட்டிப் பார்த்தார். "சார், மேடத்த ஏத்துங்க. ஆஸ்பத்திரி நம்ம போற வழிதானே. அஞ்சு நிமிஷம்."

"வேணாம். வண்டி வழியில எங்கயும் நிக்கக் கூடாது."

"இன்னா சார் பேசறீங்க?"

சுமாவின் உதடு வெளுத்திருந்தது. கை சில்லிட்டிருந்தது. நாடி வேகமாக ஓடியது. உள்ளே இரத்தம் போகிறது என்று அர்த்தம். எங்கள் முதலுதவி வகுப்பில் இதைச் சொல்லித்தருவார்கள். எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

நான் மட்டும் காரில் ஏறினேன். ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது மஞ்சுநாத் வேகத்தைக் குறைத்தார். போங்க என்றேன்.

கௌஹாத்தியில் இறங்கிப் போனைப் போட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. கரு, கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே வளர்ந்து வெடித்திருக்கிறது. அவள் கர்ப்பமென்று எங்கள் இருவருக்குமே தெரியாது. நான் திரும்பி வந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் சீருடையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பேச்சு ஒத்திவைக்கப்பட்டது. காரியம் முடிந்த பிறகு நானே போய்ப் பேசினேன். கார் தயாராக இருந்தும், விதிக்குப் பயந்து அவள்தான் ஏற மறுத்தாள் என்றேன். "நீங்க போங்க, டூட்டி முக்கியம்" என்பதே அவள் கடைசியாகச் சொன்னது என்றேன். எதிரில் இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கார் நிலைத்தது. டிக்கெட்டும் கிடைத்தது. அவசரத்துக்குக் குடும்பத்தினரும் காரில் போகலாம் என்று புதிதாக ஒரு விதி சேர்ந்தது. விமானிகள் அதைச் சுமா விதி என்கிறார்கள்.

"உன் சம்சாரம் எங்க எல்லார் வீட்டையும் காப்பாத்திட்டாங்கப்பா" என்றார் கிரண். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவள் வீணாகப் போகவில்லை. நான் எந்த விதியையும் மீறவில்லை.

இதை விசாரிக்க வந்திருக்கும் உங்களிடம் மஞ்சுநாத் சொன்னதெல்லாம் சரி. ஒன்று மட்டும் அவருக்குக் கேட்டிருக்காது. நான் பெட்டியை எடுத்தபோது சுமா என் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டாள். இஸ்திரி கலையாமல் அவள் விரல்களை விலக்கினேன். அப்போது மெதுவாகச் சொன்னாள்.

"கார் வாசல்லதானேங்க நிக்குது."